எதில் தொண்ணூறு

இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனை எடுத்து, அப்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடைக் காற்றோடு கலக்கவிடாமல் பிடித்து நிலத்தடியில் இறக்கிவிடும் ஆலைகளைப் பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும், 90 சதவீதம் என்னும் எண் அதில் எப்படியோ வந்து அமர்ந்துகொள்கிறது. சில இடங்களில் அது 95 ஆகிறது, சில இடங்களில் 80 ஆகிறது; எதுவாயினும், பெரும்பகுதி பிடிபட்டுவிட்டது, எஞ்சியது சொற்பம் என்னும் ஆறுதல் கேட்பவர் மனத்தில் உண்டாகிவிடுகிறது. பள்ளிக் கணக்கில் பின்னத்தின் மேலே இருப்பதைத் தொகுதி என்றும் கீழே இருப்பதைப் பகுதி என்றும் சொல்லித் தருகிறார்கள். சதவீதமும் ஒரு பின்னம்தான் என்றாலும், கீழே இருப்பது எப்போதும் நூறு என்று ஆகிவிட்டதால், அது எந்தப் பொருளின் நூறு என்று கேட்கும் பழக்கம் நாளடைவில் நின்றுபோகிறது. இந்த எண்ணைப் பொய் என்று தள்ளிவிட முடிந்திருந்தால் மனம் அமைதியடைந்திருக்கும். ஆனால் அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கிறது. அளந்து, சரிபார்த்து, பொறுப்பானவர்கள் கையெழுத்திட்டுச் சொன்ன உண்மையாக இருக்கிறது. உண்மையான ஓர் எண், கேட்பவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது எவ்வாறு என்பதுதான் நெடுநாளாகத் தீராமல் உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி.

அதற்குள் புகுமுன் உலைக்குள் கார்பன் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஹைட்ரஜன் ஆலையில் கார்பனை வெறும் கழிவாக எண்ணுவது அதற்கு இழைக்கப்படும் அநீதி. மீத்தேன் என்பது ஒரு கார்பன் அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது. ஹைட்ரோகார்பன்களில் அதைவிட எளியது வேறில்லை. அதை நீராவியோடு சேர்த்து, வளிமண்டலத்தைப் போல் 20 முதல் 30 மடங்கு அழுத்தத்தில், 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, நிக்கல் வினையூக்கியின் மேல் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கின்றன. இதற்கு நீராவி மறுசீராக்கம் என்று பெயர். அந்தக் கார்பன் மோனாக்சைடு, வெப்பம் குறைந்த அடுத்த கலத்தில் மேலும் நீராவியோடு வினைபுரிந்து, தான் கார்பன் டை ஆக்சைடாக மாறி, இன்னும் கொஞ்சம் ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. முடிவில் ஒரு மீத்தேன் மூலக்கூறும் இரண்டு நீர் மூலக்கூறுகளும் போய் நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறும் நிற்கின்றன. எண்ணிப் பார்த்தால், வெளிவரும் ஹைட்ரஜனில் சரிபாதி எரிவாயுவிலிருந்து வந்ததே அல்ல, தண்ணீரிலிருந்து வந்தது. தன்னிடம் இருந்த ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்ட கார்பன் அணு, அதோடு நில்லாமல் நீரிடமிருந்து ஆக்சிஜனை வாங்கித் தன்மேல் ஏற்றிக்கொண்டு, நீரில் கட்டுண்டிருந்த ஹைட்ரஜனையும் விடுவிக்கிறது. 1930இல் அமெரிக்காவின் பேட்டன் ரூஜிலும் 1936இல் இங்கிலாந்தின் பில்லிங்காமிலும் இம்முறை தொழில் அளவில் நிலைபெற்ற காலத்திலிருந்து, உலகின் ஹைட்ரஜன் பெரும்பாலும் இவ்வாறு கார்பனின் உழைப்பில்தான் வந்துகொண்டிருக்கிறது.

இந்த உழைப்புக்கு வெப்பம் வேண்டும். மீத்தேன் நீராவியோடு சேரும் வினை வெப்பத்தை விழுங்கும் வினை. வெளியிலிருந்து ஓயாமல் சூடு கொடுக்காவிட்டால் அது நின்றுவிடும். ஆகவே வினையூக்கி நிரப்பிய, பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரமுள்ள உலோகக் குழாய்கள் வரிசை வரிசையாக ஓர் உலைக்குள் நிறுத்தப்பட்டு, அவற்றைச் சுற்றி எரிவாயு எரிக்கப்படுகிறது. உலைச்சுவரில் உள்ள சிறு பார்வைத் துளையைத் திறந்தால் நிக்கலும் குரோமியமும் கலந்த அந்தக் குழாய்கள் இளஞ்சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு ஏறும் நிறத்தில் நின்று ஒளிர்வது தெரியும்; எந்தக் குழாயில் எங்கே வெப்பம் மிகுகிறது என்பதை அந்த நிற வேறுபாட்டைக் கொண்டே பழகிய கண் கண்டுகொள்ளும். குழாய்க்குள்ளும் மீத்தேன்தான், வெளியே எரிவதும் பெரும்பாலும் மீத்தேன்தான். உள்ளே இருப்பது ஹைட்ரஜனாகப் பிரிகிறது, வெளியே இருப்பது அந்தப் பிரிவுக்கான விறகாகிறது. ஓர் உலோகச் சுவரின் இருபுறமும் ஒரே வாயு இரு வேறு வாழ்க்கை வாழ்வதும், அதனால் ஆலையிலிருந்து கார்பன் டை ஆக்சைடு இரு வேறு வழிகளில் வெளியேறுவதும்தான் 90 சதவீதத்தின் முடிச்சு விழுந்திருக்கும் இடம்.

உள்வழியில் வரும் கார்பன் டை ஆக்சைடு, வினையின் கணக்குப்படி ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஐந்தரைக் கிலோ. ஆனால் நடைமுறையில் ஓர் ஆலை, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பதிலிருந்து பத்துக் கிலோ வரை வெளியேற்றுகிறது. மிகுதி, உலையின் வெளிப்புறத் தீயிலிருந்து புகைபோக்கி வழியாகப் போவது. உள்வழி வாயு அழுத்தம் மிக்கது, கார்பன் டை ஆக்சைடு செறிந்தது. அதைப் பிரிப்பது ஒப்பீட்டளவில் எளிது. புகைபோக்கி வாயுவோ வளிமண்டல அழுத்தத்தில், காற்றின் நைட்ரஜனோடு கலந்து மெலிந்து போகிறது. அதைப் பிரிப்பதற்குப் பெரிய கோபுரங்களும் மிகுந்த வெப்பமும் பணமும் வேண்டும். எனவே இயல்பாகவே உள்வழியில் மட்டும் பிடித்து, புகைபோக்கியை அதன் போக்கில் விட்டுவிடும் ஆலைகள் எழுந்தன. உள்வழியில் 90 சதவீதம் பிடித்தால், அந்த உள்வழியே மொத்தத்தில் 60 சதவீதம்தான் என்பதால், ஆலை முழுவதையும் பகுதியில் வைத்துப் பார்க்கும்போது பிடிபட்டது 54 சதவீதம் ஆகிறது. இரண்டு எண்களும் உண்மை. இரண்டுக்கும் தொகுதி ஒன்றே, பிடிபட்ட டன்கள் ஒன்றே. மாறியது கீழே இருப்பது மட்டும்.

டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தரில் ஏர் புராடக்ட்ஸ் நிறுவனம் இரண்டு மறுசீராக்க உலைகளின் உள்வழி வாயுவிலிருந்து ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துவருகிறது. 2013 முதல் முழு அளவில் இயங்கும் அந்த ஏற்பாடு, உள்வழியைப் பகுதியாகக் கொண்டால் 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும் திறமான ஏற்பாடு. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், எட்மன்டன் நகருக்கு வடகிழக்கே ஸ்காட்ஃபோர்டில், ஷெல் நிறுவனத்தின் குவெஸ்ட் திட்டம் 2015 நவம்பரிலிருந்து மூன்று ஹைட்ரஜன் அலகுகளின் உள்வழியிலிருந்து ஏறத்தாழ 80 சதவீதத்தைப் பிடித்து, சுமார் 65 கிலோமீட்டர் குழாயில் கொண்டுசென்று, இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே கேம்ப்ரியன் காலத்து மணற்பாறையில் செலுத்துகிறது. பொறியியல் நோக்கில் இரண்டும் மதிக்கத்தக்க சாதனைகள். இவ்வளவு வாயுவை இவ்வளவு காலம் தொடர்ந்து பிரித்துக் காட்டியவர்கள் உலகில் மிகச் சிலரே. ஆனால் போர்ட் ஆர்தரில் பிடிபட்ட வாயு ஹூஸ்டனுக்குத் தெற்கே உள்ள வெஸ்ட் ஹேஸ்டிங்ஸ் என்னும் பழைய எண்ணெய்க் களத்துக்குப் போய், பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயை நெகிழ்த்தி மேலே தள்ளுகிறது. ஸ்காட்ஃபோர்டில் உண்டாகும் ஹைட்ரஜன், எண்ணெய் மணலிலிருந்து தோண்டியெடுத்த தார் போன்ற பிட்யுமனை இளக்கி, எரிக்கத்தக்க எண்ணெயாக்கப் பயன்படுகிறது. ஒன்றில் பிடித்த கார்பன் புதிய கார்பனை வெளியே கொணர்கிறது, மற்றொன்றில் தூய்மையாக்கப்பட்ட ஹைட்ரஜன் அதையே செய்கிறது. இவற்றை ஆலையின் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்பதற்கு வேதியியலில் விடை இல்லை. வரப்பை எங்கே போடுவது என்பது நிலத்தை அளப்பவரின் முடிவு.

பிடித்தல் என்னும் சொல்லும் யோசிக்க வைக்கிறது. ஓடுவதைத்தான் பிடிக்க வேண்டும். ஓடவிடாமல் வைத்திருந்தால் பிடிக்கும் வேலையே இல்லை. இரண்டு வாயுக்கள் கலப்பதற்கு எந்தச் செலவும் இல்லை, கதவைத் திறந்து வைத்தால் போதும். கலந்ததைப் பிரிப்பதற்கு இயற்கை விதித்த கட்டாயக் கட்டணம் ஒன்று உண்டு, எந்தக் கருவியாலும் அதற்குக் கீழே போக முடியாது. மனிதர் கருவிகளோ அந்தக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கொடுத்துக்கொண்டிருக்கின்றன. 1930இல் ஆர். ஆர். பாட்டம்ஸ் காப்புரிமை பெற்ற அமீன் கழுவல் இன்றைக்கும் முதன்மையான முறை: அம்மோனியாவின் உறவான, அதைப் போலவே மூக்கைத் துளைக்கும் அமீன் என்னும் சேர்மத்தின் கரைசல் ஒரு கோபுரத்தில் மேலிருந்து சொரிய, கீழிருந்து ஏறும் வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதில் ஒட்டிக்கொள்கிறது, பிறகு அந்தக் கரைசலை 120 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் ஒட்டியது விடுபட்டு வெளியேறுகிறது. எவ்வளவு இறுகப் பிடிக்கிறதோ அவ்வளவு பாடுபட்டுத்தான் விடுவிக்க வேண்டும் என்பதே இம்முறையின் துன்பம். புகைபோக்கி வாயுவைக் கழுவும் வழக்கமான கரைசலில் ஒரு டன்னை விடுவிக்க மூன்றரை கிகாஜூல் அல்லது அதற்கும் மேற்பட்ட வெப்பம் செலவாகிறது, அந்த வெப்பத்துக்காக மேலும் எரிவாயு எரிகிறது, எரிந்ததிலிருந்து மேலும் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. இதற்கு மாறாக, வெளியே தீ மூட்டாமல், உலைக்குள்ளேயே தூய ஆக்சிஜனைச் செலுத்தி மீத்தேனில் ஒரு பங்கை எரித்து அந்தச் சூட்டிலேயே மறுபங்கைப் பிரிக்கும் தன்வெப்ப மறுசீராக்க முறையில் கார்பன் ஏறக்குறைய முழுவதும் ஒரே வழியில், அழுத்தம் குறையாமல் வருகிறது. அங்கே 95 சதவீதம் என்று சொன்னால் அதன் பகுதியில் மறைந்திருக்கும் புகைபோக்கி மிகச் சிறியது. எனினும் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதாகிறது. கலந்ததைப் பிரிக்கும் வேலை மறையவில்லை, உலைக்குப் பின்னாலிருந்து உலைக்கு முன்னால் இடம் மாறியிருக்கிறது.

கலக்கவிடாமை என்னும் இந்த எண்ணத்தை அதன் எல்லை வரை கொண்டுசெல்லும் இரண்டு முறைகள் உண்டு, இரண்டுமே பழைய அறிவின் மேல் நிற்பவை. பல்லேடியம் என்னும் உலோகம் ஹைட்ரஜனைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்வதை 1866இல் தாமஸ் கிரகாம் கண்டறிந்தார். அந்த உலோகத்தின் மெல்லிய படலத்தை உலைக்குள்ளேயே வைத்தால், உண்டாக உண்டாக ஹைட்ரஜன் மட்டும் அதன் வழியே கசிந்து அப்பால் போய்விடுகிறது. விளைபொருள் விலகிக்கொண்டே இருப்பதால் வினை முன்னோக்கி இழுக்கப்பட்டு, 800 டிகிரியில் நடப்பது 550 டிகிரி அளவிலேயே நடக்கிறது. பின்தங்கி நிற்கும் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தோடும் செறிவோடும் காத்திருக்கிறது. மற்றது சுண்ணாம்பு. 1868இலேயே டெசியே டு மோத்தே, மரேஷால் என்னும் இருவர் நீராவியிலிருந்தும் கரியிலிருந்தும் ஹைட்ரஜன் எடுக்கச் சுண்ணாம்பைத் துணைகொண்டனர். கிளிஞ்சலைக் காளவாயில் நீற்றியவர்களுக்கும், காரை பூசிய சுவர் ஆண்டுகள் செல்லச் செல்லக் கல்லாக இறுகுவதைக் கண்டவர்களுக்கும் இதன் வேதியியல் புதிதன்று: சுட்ட சுண்ணாம்பு கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சுண்ணக்கல்லாகிறது, சுண்ணக்கல் சூளையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பாகிறது. சுவரில் ஆண்டுக்கணக்கில் நிகழ்வது 600 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட உலையில் நிமிடங்களில் நிகழ்கிறது. இதில் வியக்க வைப்பது வெப்பக் கணக்கு. ஒரு மோல் மீத்தேனை முழுமையாகப் பிரிக்கச் சுமார் 165 கிலோஜூல் வேண்டும், அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடைச் சுண்ணாம்பு வாங்கிக்கொள்ளும்போது வெளிவருவது சுமார் 178 கிலோஜூல். வினை கேட்கும் சூட்டை, அதன் கழிவை ஏற்பவரே கொடுத்துவிடுகிறார். ஆனால் அந்தச் சுண்ணாம்பை மீட்க 900 டிகிரிச் சூளை வேண்டும், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏழு கிலோ சுண்ணாம்பு இந்தக் கலத்துக்கும் அந்தச் சூளைக்குமாக அலைய வேண்டும், அலைந்தலைந்து அதன் நுண்துளைகள் உருகி அடைபட்டு, சில பத்துச் சுற்றுகளிலேயே வாங்கும் திறனில் பெரும்பங்கை இழந்துவிடுகிறது. சூளையின் தீயைக் காற்றில் எரித்தால் பழைய கதை மறுபடி தொடங்கும்.

கார்பன் வாயுவாகவே ஆக வேண்டாம், திண்மமாகவே நிற்கட்டும் என்பது வேறொரு வழி. ஆக்சிஜனோ நீரோ இன்றி மீத்தேனை வெப்பத்தால் மட்டும் பிளந்தால் ஹைட்ரஜனும் கரித்தூளும் கிடைக்கும். கரித்தூளைப் புதைக்க அழுத்தமும் குழாயும் வேண்டியதில்லை. ஆனால் நீரை அழைக்காததால் நீரின் பங்கான பாதி ஹைட்ரஜன் கிடைப்பதில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு மூன்று கிலோ கரி குவிகிறது. 2023இல் உலகம் ஆக்கிய ஹைட்ரஜன் சுமார் 9.7 கோடி டன். அவ்வளவையும் இவ்வழியில் எடுத்தால் ஆண்டுக்கு 29 கோடி டன் கரி சேரும். டயர்களும் மைகளும் வாங்கிக்கொள்ளும் கரித்தூள் அதில் ஒரு சிறு மூலை.

இவ்வளவும் ஆலையின் மதிலுக்குள். மதிலுக்கு வெளியே, எரிவாயு வந்த வழியே பின்னோக்கி நடந்தால், பகுதி மேலும் பெருகுகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ மூன்றேகால் கிலோ மீத்தேன் வேண்டும். அது கிணறு, அழுத்தி, குழாய், வால்வு எனப் பல இடங்களைக் கடந்து வருகிறது, ஒவ்வோரிடத்திலும் கொஞ்சம் கசிகிறது. நிறமற்ற, தானாக மணமற்ற அந்தக் கசிவைக் கண்ணும் மூக்கும் அறிவதில்லை. வளிமண்டலத்தில் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 30 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் வெப்பத்தைத் தேக்குவது. மூன்று சதவீதம் கசிந்தால் இருபதாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஹைட்ரஜனின் தலையில் எட்டுக் கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான சுமை ஏறுகிறது. ஆலை எதையுமே பிடிக்காமல் விட்டிருந்தால் ஏறியிருக்கும் சுமைக்கு இது ஏறக்குறைய நிகர். 2021இல் ராபர்ட் ஹோவர்த்தும் மார்க் ஜேக்கப்சனும், மூன்றரை சதவீதக் கசிவையும் இருபதாண்டுக் கணக்கையும் கொண்டு, வெப்பத்துக்காக இத்தகைய ஹைட்ரஜனை எரிப்பதைவிட இயற்கை எரிவாயுவை நேரடியாக எரிப்பதே தீங்கு குறைந்தது என்னும் முடிவுக்கு வந்தனர். கிறிஸ்டியன் பாவரும் உடன் ஆய்ந்தோரும் அதையடுத்து, கசிவு மிகக் குறைவாகவும் பிடிப்பு மிக உயர்வாகவும் இருந்தால் இதே ஹைட்ரஜன், சூரிய ஒளியாலும் காற்றாலும் நீரைப் பிரித்து எடுப்பதோடு ஒப்பிடத்தக்க நிலைக்கு வரும் என்று காட்டினர். இவற்றை எதிரெதிர்த் தரப்புகளாக நிறுத்திப் பேசுவது வழக்கம். ஆழ்ந்து படித்தால் இரு தரப்பும் ஒரே பின்னத்தின் பகுதியில் வெவ்வேறு வயல்களை அளந்திருப்பது தெரிகிறது. நல்ல வயலைக் காட்டி எல்லா வயலும் இப்படி என்று விற்பதும், கெட்ட வயலைக் காட்டி நல்ல வயலே இருக்க முடியாது என்பதும்தான் தவறு. கசிவை அளந்து ஒப்படைக்காத குழாயிலிருந்து வரும் எரிவாயுவைக் கொண்டு செய்த ஹைட்ரஜனுக்கு எந்தச் சதவீதத்தையும் சூட்டாமலிருப்பதே நேர்மை.

முன்பக்கம் கிணறு இருப்பதைப் போலப் பின்பக்கம் வயல் இருக்கிறது. உர ஆலைகள் அம்மோனியாவுக்காக ஹைட்ரஜன் எடுக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடைப் பல பத்தாண்டுகளாகவே பிடித்துவருகின்றன. மணலியிலும் தூத்துக்குடியிலும் முன்பு நாஃப்தாவிலிருந்தும் இப்போது இயற்கை எரிவாயுவிலிருந்தும் அம்மோனியா ஆக்கும் ஆலைகள், அந்தக் கார்பன் டை ஆக்சைடை அம்மோனியாவோடு சேர்த்தே யூரியா செய்கின்றன. ஒரு டன் யூரியாவுக்குள் அடங்கியிருப்பது 730 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆலை வாசலில் நின்று பார்த்தால் இதைவிட நேர்த்தியான பிடிப்பு இல்லை: வாயு வெள்ளை மணியாகி, சாக்கில் கட்டப்பட்டு, லாரியில் ஏறுகிறது. வயலில் தூவிய சில நாட்களில் மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி அந்த மணியை உடைக்க, நெற்பயிருக்கு நைட்ரஜனைக் கொடுத்துவிட்டு, கார்பன் தான் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது. பழந்தமிழில் கரி என்னும் சொல்லுக்குச் சாட்சி என்றும் ஒரு பொருள் உண்டு. நெடுங்காலமாக வழக்கொழிந்த அந்தப் பொருள் இங்கே திரும்பி வந்து நிற்பதுபோல் தோன்றுகிறது. கிணற்றில் கசிந்தது, உலைக்கு வெளியே எரிந்தது, வயலில் விடுபட்டது ஆகிய ஒவ்வொன்றும் எந்தப் பேரேட்டில் எழுதப்படாவிட்டாலும் காற்றில் எழுதப்பட்டுவிடுகிறது.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், தொமகொமாய் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் ஹைட்ரஜன் அலகிலிருந்து பிரித்த கார்பன் டை ஆக்சைடு, 2016 ஏப்ரல் தொடங்கி 2019 நவம்பர் வரை கடலடிப் பாறைக்குள் செலுத்தப்பட்டது. இடையே 2018 செப்டம்பரில் அத்தீவின் கிழக்கு இபுரிப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியபோதும், உள்ளே வைத்தது வெளியேறியதற்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை. மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் அளந்து அளந்து இறக்கியது மொத்தம் 3 லட்சம் டன். உலகின் ஹைட்ரஜன் ஆக்கம் இன்று ஆண்டுக்கு 90 கோடி டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. அந்த விரைவில் 3 லட்சம் டன் என்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. செலுத்துவது நின்ற பிறகும் கடலடியில் வைத்த நிலநடுக்க உணரிகளும் கிணறுகளில் இறக்கிய அழுத்தமானிகளும் எடுக்கப்படவில்லை. அந்த மூன்று மணி நேரத்துக்குக் காவலாக, கண்காணிப்பு தொடர்ந்துகொண்டிருந்தது.